ஒரு ஸ்பிரிங்கின் கதை
(பி.எஸ்ஸி. இயற்பியல், 1972–75)



மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழுத் தம்பி போன் செய்தபோது, "சார், உங்க காலத்து ஹாஸ்டல் அனுபவம் ஏதாவது எழுதுங்க" என்றார். "ஆம்ப்ளிஃபயர் பத்தி எழுதட்டுமா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி சார், சுவையா இருந்தாச் சரி" என்று வைத்துவிட்டார். சுவையாக இருக்குமா என்று தெரியாது. ஆனால் ஹாஸ்டல் அனுபவமும் இதற்குள்தான் இருக்கிறது. ஐம்பது வருஷமாக மனசில் கிடக்கிற ஒரு கடனும் இருக்கிறது.

எங்கள் அறையில் ஒருவனுக்கு 'கிடார்' என்றே பட்டப்பெயர். தூத்துக்குடிப் பையன். கப்பலில் வேலை பார்த்த அவனுடைய மாமா ஒரு சின்ன இசைத்தட்டு கொண்டுவந்து கொடுத்திருந்தார். 'பைப்லைன்' என்ற வாத்திய இசை. பாட்டு கிடையாது, வார்த்தை கிடையாது, கிடார்தான் பேசும். தொடக்கத்திலேயே ஸ்வரம் மேலிருந்து கீழே சரிந்து வரும். பெரிய அலை புரண்டு விழுவதுபோல! அந்தத் தட்டை விடுதியில் எத்தனை முறை போட்டிருப்போம் என்பதற்குக் கணக்கே இல்லை.

கேட்டுக் கேட்டு எங்களுக்குள் ஒரு சண்டை வந்தது. "இதுல பாதி அழகு எதிரொலிலதான்டா இருக்கு" என்பது என் கட்சி. "எதிரொலி வெறும் பவுடர் பூச்சு. விரல்ல இருந்தா போதும்" என்பது அவன் கட்சி. நான் இயற்பியல் மாணவன் அல்லவா, விடுவேனா? நூலகத்தில் ஒரு பழைய ரேடியோ இதழில் ஸ்பிரிங்கை வைத்து எதிரொலி உண்டாக்கும் முறையைப் படித்துவிட்டேன். ஜன்னல் திரைச்சீலைக்கு மாட்டும் ஸ்பிரிங் ஒன்று, உடைந்த டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஸ்பீக்கர் ஒன்று, கிராமபோன் பிக்கப் ஒன்று. மூன்றையும் ஒரு மரப்பெட்டிக்குள் அடைத்தேன். வேலை செய்தது! கிணற்றுக்குள் பேசுவதுபோலக் கேட்டது.

"எனக்கு வேண்டாம்" என்று அவன் தெளிவாகவே சொன்னான்.

1974-ல் கல்லூரிகளுக்கிடையிலான போட்டி. வாடகைக்கு வந்த மைக்செட் வால்வு ஆம்ப்ளிஃபயருக்கும் அவன் கிடாருக்கும் நடுவில் என் பெட்டியை அவனிடம் சொல்லாமலே இணைத்துவிட்டேன். கேட்டதும் மனசு மாறிவிடும் என்று நினைத்தேன். மேடையோ பெஞ்சுப் பலகைகள் போட்டுக் கட்டியது. டிரம்ஸ்காரன் முதல் அடி அடித்ததும் பலகை அதிர்ந்தது. பெட்டிக்குள் ஸ்பிரிங் அதிர்ந்தது. ஒலிபெருக்கியில் இடி விழுந்தது! சபை முழுக்கச் சிரிப்பு. அவன் கிடாரைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கிப் போனான். கடைசி வருஷம் முழுக்க ஒரே அறையில் இருந்தும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

இது நிற்க. சில வருஷங்களுக்கு முன் கலிபோர்னியாவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். "அப்பா, உங்களுக்குப் பிடிச்ச இடம் ஒண்ணு காட்டறேன்" என்று அவன் கூட்டிக்கொண்டு போனது, பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களைப் பழுதுபார்க்கும் ஒரு சிறிய பட்டறை. அங்கே அரை நாள் உட்கார்ந்து கேட்டதும், அதற்குப் பிறகு தேடிப் படித்ததும்தான் இந்தக் கட்டுரை.

ரேடியோக் கடையில் தொடங்கியது

அலைச்சறுக்கு இசை என்று அமெரிக்காவில் ஒரு வகை. தென் கலிபோர்னியாக் கடற்கரையில் பலகை மேல் நின்று அலையில் சறுக்கும் இளைஞர்கள் மாலையில் ஆடுவதற்காக உண்டான கிடார் இசை. அதன் பொற்காலம் மிகவும் குறுகியது. 1961-ல் பிறந்து 1964-ல் அடங்கிவிட்டது. அந்த இசையின் குரலைத் தீர்மானித்தது பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர் செய்த பெட்டிகள்.

ஃபுல்லர்டன் என்ற ஊரில் 1938-ல் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்தவர் லியோ ஃபெண்டர். 1946-ல் தம் பெயரில் மின்கிடார் நிறுவனம் தொடங்கினார். வேடிக்கை என்னவென்றால், அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது! வாசிப்பவர்களைக் கூப்பிட்டு, "என்ன குறை?" என்று கேட்டுக் கேட்டே கிடாரையும் ஆம்ப்ளிஃபயரையும் திருத்தினார். அவருடைய ஆம்ப்ளிஃபயர்களை அவற்றின் மேலுறையையும் முகப்பையும் வைத்தே ரசிகர்கள் காலம் பிரிக்கிறார்கள். ராஜா பெயரைச் சொல்லி நாம் நூற்றாண்டு சொல்வதில்லையா, அதுபோல.

முதலாவது, ட்வீட் காலம். 1940-களின் கடைசியிலிருந்து 1960 வரை. சூட்கேசுக்கு ஒட்டுவதுபோன்ற மஞ்சள் நிறப் பருத்தித் துணி ஒட்டியவை. இரண்டாவது, பழுப்பு முகப்பும் வெளிர்நிற உறையும் கொண்ட காலம். சுமார் 1960 முதல் 1963 வரை. மூன்றாவது, கருப்பு முகப்புக் காலம். 1963 முதல் 1967 வரை. நான்காவது, வெள்ளி முகப்புக் காலம். 1967-ன் இறுதியில் தொடங்கி 1980-களின் தொடக்கம் வரை.

உறை மாறினால் ஒலி மாறுமா? மாறாது. உறை மாறியபோதெல்லாம் உள்ளே மின்சுற்றும் மாறியது. அதுதான் விஷயம்.

ஒரே கிடார், நான்கு குரல்

பட்டறைக்காரர் ஒரு ஜாஸ்மாஸ்டர் கிடாரை எடுத்து, ஒரே மெட்டை நான்கு காலத்துப் பெட்டிகளிலும் வாசித்துக் காட்டினார். வாசிக்கும் முன் ஒரு எச்சரிக்கையும் சொன்னார்: பழைய பெட்டிகளில் மின்தேக்கிகள் மாற்றப்பட்டிருக்கும், ஸ்பீக்கர் மாறியிருக்கும், வால்வு மாறியிருக்கும், ஆகவே ஒரே ஒரு பெட்டியைக் கேட்டுவிட்டு ஒரு காலத்துக்கே தீர்ப்பு எழுதக் கூடாது என்று. நம் வரலாற்றுப் பேராசிரியர் சொல்வது போலவே இருந்தது.

முதலில் ட்வீட். 1950-களின் கடைசியில் வந்த 'பாஸ்மேன்'. பத்து அங்குல ஸ்பீக்கர் நான்கு. பாஸ் கிடாருக்காகச் செய்தது. சாதாரண கிடார்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தில் ஜிம் மார்ஷல் 1962-ல் தம் முதல் ஆம்ப்ளிஃபயரை இதைப் பார்த்துத்தான் செய்தார். அதன் ஒலியில் நடு ஸ்தாயி தடித்திருக்கும். ஒலியைக் கொஞ்சம் ஏற்றினால் கரகரப்பு சேரும். ப்ளூஸ், ராக் அண்ட் ரோல் வாசிப்பவர்களுக்கு அந்தக் கரகரப்பு அமுதம். ஆனால் வேகமாகத் தட்டித் தட்டி வாசிக்கும் அலை இசைக்கு அது ஒத்துவரவில்லை. தனித்தனியாக விழ வேண்டிய தட்டல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நம்ம ஊர் சொல்லில் சொன்னால், சாதம் குழைந்துவிட்டது.

இரண்டாவதாக, வெளிர்நிற 'ஷோமேன்'. இதற்குப் பின்னால் ஒரு மனிதரின் கதை இருக்கிறது.

நடன மண்டபத்தில் ஒரு இடதுகைக்காரர்

பாஸ்டன் நகரில் 1937-ல் பிறந்தவர் ரிச்சர்ட் மன்சூர். தந்தை லெபனான் வம்சாவளி. மேடையில் அவர் பெயர் டிக் டேல். இடதுகைக்காரர், வலதுகைக் கிடாரின் தந்திகளை மாற்றிக் கட்டாமல், தலைகீழாகப் பிடித்தே வாசித்தார். தடித்த தந்திகள், முரட்டு அடி. 1961 கோடையில் பால்போவாவின் ராந்தேவூ நடன மண்டபத்தில் அவர் வாசித்தபோது ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கூடினார்கள்.

இங்கேதான் பிரச்சினை. மண்டபம் பெரியது. கூட்டம் நிறைந்தால் மனித உடம்புகளே ஒலியைக் குடித்துவிடும். ஒலியைக் கூட்டினால் அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயர் கரகரத்தது. இன்னும் கூட்டினால் ஸ்பீக்கர் கிழிந்தது. தாம் பல பெட்டிகளைப் பொசுக்கியதாக டிக் டேலே பின்னாளில் பெருமையாகச் சொன்னதுண்டு. லியோ ஃபெண்டரும் அவருடைய பொறியாளர் ஃப்ரெடி டவாரஸும் கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்று கேட்டுப் பார்த்தார்கள் என்பதும் அவர் சொன்னதே.

விளைவுதான் ஷோமேன். ஆம்ப்ளிஃபயர் தனி, ஸ்பீக்கர் பெட்டி தனி. நான்கு பெரிய வெளியீட்டு வால்வுகள். கனமான டிரான்ஸ்ஃபார்மர். ஜே.பி.எல். நிறுவனத்தின் பதினைந்து அங்குல ஸ்பீக்கர். பின்பக்கம் மூடிய பெட்டி என்பதால் கீழ் ஸ்தாயி சிதறாமல் நெஞ்சில் இடிக்கும். சத்தமாகவும் இருக்க வேண்டும், சுத்தமாகவும் இருக்க வேண்டும் என்ற இரண்டு ஆசைகளுக்கும் ஒரே பதில்.

பட்டறையில் அது ஒலித்தபோது எனக்குப் புரிந்தது. ட்வீட்டின் கரகரப்பு இல்லை. அதே சமயம், பின்னால் வந்த கருப்பு முகப்பின் கண்ணாடிப் பளபளப்பும் இல்லை. வட்டமான, நெஞ்சு நிறைந்த குரல். ஒவ்வொரு தட்டலும் தனியாக விழுந்தது.

டிக் டேலின் 1962-ஆம் ஆண்டு இசைத்தட்டான 'மிசிர்லூ'வை நம்மில் பலர் கேட்டிருப்போம். 1994-ல் வந்த 'பல்ப் ஃபிக்‌ஷன்' படத்தின் தொடக்கத்தில் வந்து, புதிய தலைமுறைக்கும் போய்ச் சேர்ந்தது. கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதியின் பழைய மெட்டு அது. சங்கீதம் கற்ற நண்பர்கள் காது கொடுத்துக் கேளுங்கள்: அதன் முதல் பகுதியில் வரும் சுரங்கள் நம் மாயாமாளவகௌளையின் சுரங்கள்தான்! சரளி வரிசையில் குழந்தைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கிறோமே, அதே சுரங்கள்.

ஸ்பிரிங் வந்தது

அலை இசை என்றதும் எல்லோரும் சொல்வது அந்த ஈரமான எதிரொலியைத்தான். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் 1961-ல் வந்த இரண்டு முக்கிய இசைத்தட்டுகளில், டிக் டேலின் 'லெட்ஸ் கோ டிரிப்பின்', பெல்-ஏர்ஸ் குழுவின் 'மிஸ்டர் மோட்டோ', அந்த ஸ்பிரிங் எதிரொலியே கிடையாது! அலை இசை ஸ்பிரிங் இல்லாமல்தான் பிறந்தது. இதைக் கேட்டபோது எனக்கு என் அறைத்தோழனின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

ஸ்பிரிங்கின் பூர்வீகம் டெலிபோன். தொலைதூரக் கம்பியில் குரல் தாமதமாகப் போவதைச் சோதனைச்சாலையில் செய்து பார்க்க, பெல் ஆய்வகத்தார் ஸ்பிரிங்கைப் பயன்படுத்தினார்கள். பிறகு ஹேமண்ட் ஆர்கன் நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. வீட்டில் ஆர்கன் வாங்கியவர்களுக்கு மாதாகோவிலின் முழக்கம் இல்லையே என்ற குறை; அதைத் தீர்க்க. ஹேமண்டின் சிறிய ஸ்பிரிங் தொட்டியை உரிமம் பெற்று, 1961-ல் ஃபெண்டர் தனிப்பெட்டியாக வெளியிட்டார். டிக் டேல் முதலில் தம் பாடும் குரலுக்காகத்தான் எதிரொலி கேட்டாராம். கிடாருக்குப் போட்டது பிறகு.

தத்துவம் எளிது. கிடாரின் மின்னலை ஸ்பிரிங்கின் ஒரு முனையை ஆட்டும். ஆட்டம் சுருள் வழியாக ஓடி மறுமுனைக்கு வரும், திரும்பும், மறுபடி வரும். சுருளில் எல்லா அதிர்வெண்களும் ஒரே வேகத்தில் போவதில்லை. அதனால் 'டக்' என்று உள்ளே போன தட்டல், இழுபட்டு 'ப்ளிய்ங்க்' என்று வெளியே வரும். வலது உள்ளங்கையால் தந்தியை லேசாக அமுக்கித் தட்டினால், குகைக்குள் தண்ணீர் சொட்டுவது மாதிரியே இருக்கும். ரசிகர்கள் இதைச் சொட்டு என்றே சொல்கிறார்கள். 1963-ல் அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம் வரை போன சான்டேஸ் குழுவின் 'பைப்லைன்', அதாவது எங்கள் விடுதித் தட்டு, இந்த ஈரத்தின் நல்ல உதாரணம்.

உள்ளே வந்ததும் மாறியது

தனிப்பெட்டியில் மூன்று திருகுகள்: ஸ்பிரிங்கை எவ்வளவு பலமாக அடிப்பது, எவ்வளவு கலப்பது, அந்த எதிரொலியின் தொனி என்ன. ஸ்பிரிங்கை ஓட்டுவதற்கு 6கே6 என்ற சிறிய பவர் வால்வு. அது ஸ்பிரிங்கை உலுக்கிவிடும். கலந்த பிறகுதான் ஒலி ஆம்ப்ளிஃபயரின் வாசலுக்கே போகும்.

எதிரொலியை ஆம்ப்ளிஃபயருக்கு உள்ளேயே வைக்கும் வழக்கத்தில் ஆம்பெக் நிறுவனம் 1961-லேயே முந்திக்கொண்டது. ஃபெண்டரில் அப்படி வந்த முதல் பெட்டி 1963-ன் 'வைப்ரோவெர்ப்'. அதே ஆண்டு கருப்பு முகப்புடன் 'ட்வின் ரிவெர்ப்', 'டீலக்ஸ் ரிவெர்ப்' முதலியவை வந்தன. உள்ளே வைத்தபோது 12ஏடி7 என்ற சின்ன வால்வு ஸ்பிரிங்கை ஓட்டியது. மூன்று திருகுகள் ஒன்றாகச் சுருங்கின. எதிரொலி கலக்கும் இடமும் சுற்றின் நடுவுக்கு வந்தது. தூக்கிச் செல்ல ஒரே பெட்டி, வசதிதான். ஆனால் சொட்டு கொஞ்சம் காய்ந்துபோனது. அலை இசைக்காரர்கள் இன்றும் தனிப்பெட்டியைத் தேடி அலைவதற்குக் காரணம் இதுதான்.

அந்தக் கருப்பு முகப்பைத்தான் பட்டறைக்காரர் மூன்றாவதாக வாசித்தார். மேல் ஸ்தாயி பளிச். கீழ் ஸ்தாயி ஆழம். நடு ஸ்தாயி மட்டும் கரண்டியால் அள்ளி எடுத்தது போலக் குழிந்திருக்கும். நடுங்கும் ஒலியும் மாறியிருந்தது. பழுப்புக் காலத்துப் பல பெட்டிகள் மேல், கீழ் ஸ்தாயிகளைப் பிரித்து மாறி மாறி ஏற்றி இறக்கும். கேட்டால் ஒலி சுழல்வது போலிருக்கும். கருப்பு முகப்பிலோ ஒரு சின்ன விளக்கு மின்னி மின்னி, ஒளி உணரும் மின்தடை வழியாக ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும். அழகானதுதான். ஆனால் சுழல் போய்விட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அலை இசைக்குரிய ஆம்ப்ளிஃபயர் என்று பலரும் இன்று காட்டுவது கருப்பு முகப்பைத்தான். அது கடைகளில் நிறைந்தபோது அலை அடங்கிக்கொண்டிருந்தது. 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியதும் இளைஞர்களின் காது திரும்பிவிட்டது. ராந்தேவூ மண்டபமும் 1966-ல் தீக்கிரையானது. ஆகவே, அலை இசையின் உண்மையான குரல் பழுப்பு, வெளிர்நிறக் காலத்துக் குரல். நமக்கு நினைவில் நிற்பதோ பின்னால் வந்த பளபளப்பு. வரலாற்றில் இப்படி அடிக்கடி நடக்கும்.

1965 ஜனவரியில் லியோ ஃபெண்டர் தம் நிறுவனத்தை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். வெள்ளி முகப்பு அதற்குப் பின் வந்தது. தொடக்கத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. போகப்போகச் சுற்றில் மாற்றங்கள். 1970-களின் பிற்பகுதியில் ட்வின் ரிவெர்ப் 135 வாட் வரை போனது. எவ்வளவு ஏற்றினாலும் கரகரக்காத, சற்று விறைத்த ஒலி. ராக் கலைஞர்கள் பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் நான்காவதாக அந்தப் பெட்டியின் முன்னால் தனி ஸ்பிரிங் பெட்டியை வைத்துப் பட்டறைக்காரர் வாசித்தபோது, எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. விறைப்பும் ஒரு வேலைக்கு ஆகும்.

இரண்டு நண்பர்கள்

அவர் கடைசியாகச் சொன்ன கதையால்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். 'மிஸ்டர் மோட்டோ' வாசித்த பெல்-ஏர்ஸ் குழுவில் இரண்டு கிடார் நண்பர்கள், பால் ஜான்சன், எடி பெர்ட்ராண்ட். 1963-ல் அந்தக் குழு பிரிந்தது. பிரிந்த காரணத்தைக் கேளுங்கள்: புதிதாக வந்த எதிரொலிப் பெட்டியைச் சேர்த்துக்கொள்வதா, வேண்டாமா என்பது! பெர்ட்ராண்டுக்கு அது வேண்டும்; ஜான்சனுக்கு வேண்டாம். பெர்ட்ராண்ட் பிரிந்து போய்த் தொடங்கிய குழுவின் பெயர் 'எடி அண்ட் தி ஷோமென்'. ஆம்ப்ளிஃபயரின் பெயரே குழுவுக்கும்!

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எங்கள் அறை எண் அங்கே வந்துவிட்டதே!

யார் சரி? இரண்டு இசைத்தட்டுகளும் இன்றைக்கும் கேட்கக் கிடைக்கின்றன. ஸ்பிரிங் இல்லாததும் அழகு, ஸ்பிரிங் உள்ளதும் அழகு. லியோ ஃபெண்டரின் நல்ல பெட்டிகள் எல்லாமே வாசிப்பவனிடம் கேட்டுப் பிறந்தவை. நான் என் பெட்டியைக் கேட்காமல் மாட்டினேன். ஸ்பிரிங் நல்ல ஸ்பிரிங்தான். மாட்டிய விதம்தான் தப்பு.

ஊர் திரும்பியதும் சங்கச் செயலாளரிடம் நம்பர் வாங்கி அவனுக்குப் போன் செய்தேன். பேத்திக்குக் கிடார் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். முழுக் கதையையும் சொன்னேன். டெலிபோன் கம்பியில் ஸ்பிரிங் பிறந்த கதை, பெல்-ஏர்ஸ் கதை, எல்லாம். கடைசியில், "அன்னிக்கு நான் உன்னைக் கேட்டிருக்கணும்டா" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "இந்தத் தடவையாவது கேட்டுட்டு மாட்டு" என்றான். அப்புறம் மெதுவாக, "பலகை மேடை இல்லியே?" என்றான்.

சங்க விழாவுக்கு அவன் கிடாரோடு வருகிறான். நான் ஒரு சின்னப் பெட்டியோடு வருகிறேன். முதல் தடவை அது இல்லாமல் வாசிப்பான். இரண்டாம் தடவை, அவன் சரி என்றால், அதோடு. திருகு அவன் கையில்தான் இருக்கும்.

இன்றைய மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரே வேண்டுகோள்: முன்வரிசையில் உட்கார்ந்து, இரண்டையும் கேட்டுவிட்டு, உங்கள் கட்சி எது என்று எங்களிடம் வந்து சொல்லுங்கள். சண்டை போடுங்கள். ஆனால் பேசுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

வாழ்க நம் கல்லூரி!